மாற்றினால் எவ்வளவு, மாற்றாவிட்டால் எவ்வளவு?

வேலூர் சாலையில், வேங்கிக்காலில் இருக்கிறது திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம். 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. இன்று 12 வட்டங்கள், 18 ஊராட்சி ஒன்றியங்கள், 860 ஊராட்சிகள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 24,64,875. ஜமுனாமரத்தூர் மலைப்பள்ளி ஆசிரியர், செய்யாறு அரசு மருத்துவமனைச் செவிலியர், வேங்கிக்கால் அலுவலக உதவியாளர் என எல்லோருக்கும் மாதக் கடைசி வேலைநாளில் சம்பளம் வங்கிக் கணக்குக்கு வந்தாக வேண்டும். அது இப்போது ஒரே மென்பொருள் வழியாக வருகிறது. அலுவலகங்களில் அதை ஐ.எப்.எச்.ஆர்.எம்.எஸ். என்பார்கள். அரசாணைகளில் அது ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம். ஊழியர்களின் கைபேசிக்கு வந்த செயலியின் பெயர் களஞ்சியம்.

திட்ட மதிப்பு 288.91 கோடி ரூபாய். கட்டமைத்தது விப்ரோ நிறுவனம். 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அப்போது அலுவலகந்தோறும் ஒரு கேள்வி எழுந்தது: பழையது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, இவ்வளவு பணம் போட்டு ஏன் மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. அரசு, வங்கி, அஞ்சல் துறை, பெரிய ஆலை என எங்கே மென்பொருளை மாற்றினாலும் இதைத்தான் கேட்கிறார்கள். பதில் கணக்கில் இருக்கிறது. மாற்றும் செலவு ஒரே தொகையாக, கோடியில், செய்தியாக வருகிறது. மாற்றாமல் இருப்பதன் செலவோ ஆயிரம் அலுவலகங்களில் சில்லறையாகச் சிதறிக் கிடக்கிறது. அதற்கு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் தனித் தலைப்பு கிடையாது. மூன்றாவதாக ஒரு செலவும் உண்டு: புது மென்பொருளின் முன்னால் உட்காரும் கடைசி மேசை ஊழியர் கொடுக்கும் நேரம். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் மாற்றம் சரியா தவறா என்று சொல்ல முடியும். இதுவரை நம் பொதுக் கணக்குகள் முதலாவதை மட்டுமே எழுதி வந்திருக்கின்றன.

ஆரம்ப இருப்பு: ஒரு சம்பளப் பட்டியலின் கனம்

தமிழ்நாடு அரசின் சம்பளப் பட்டியலில் சுமார் 9 லட்சம் ஊழியர்கள். ஓய்வூதியர்கள் ஏறத்தாழ 7 லட்சம். பட்டியல் போடும் அதிகாரம் கொண்ட பணம் பெற்று வழங்கும் அலுவலர்கள் 20,000-க்கு மேல்.

288.91 கோடியை 9 லட்சத்தால் வகுத்தால் ஒரு ஊழியருக்கு 3,210 ரூபாய். ஓய்வூதியர்களையும் சேர்த்து 16 லட்சத்தால் வகுத்தால் தலைக்கு சுமார் 1,806 ரூபாய். ஒருமுறைச் செலவு.

இனி இதன் வழியாக ஓடும் பணம். சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்து 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் 1,20,000 கோடி ரூபாயைத் தாண்டின. அதில் 288.91 கோடி என்பது ஆயிரம் ரூபாய்க்கு 2 ரூபாய் 41 காசு. ஓராண்டில் ஓடும் பணத்தில் ஆயிரத்துக்கு இரண்டரை ரூபாய் தவறாகப் போவதைப் புது மென்பொருள் தடுத்துவிட்டால் போதும், போட்ட முதல் அந்த ஒரே ஆண்டில் திரும்பிவிடும்.

அவ்வளவு தவறு நடக்க வாய்ப்பு உண்டா? விதிகளை வைத்தே எண்ணிப் பார்க்கலாம். அகவிலைப்படி ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை மாறும். 9 லட்சம் பேருக்கு 18 லட்சம் மாற்றங்கள். ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை வரும். இன்னும் 9 லட்சம். ஆக, யாரும் இடம் மாறாமல், பதவி உயராமல், விடுப்பு எடுக்காமல், கடன் வாங்காமல் இருந்தாலும் ஆண்டுக்கு 27 லட்சம் திருத்தங்கள். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியப் பங்களிப்பாக அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். அகவிலைப்படி அசைந்தால் அந்தப் பிடித்தமும் அசையும்.

பழைய ஏற்பாட்டில் சம்பளப் பட்டியலுக்கு ஒரு மென்பொருள், கருவூலத்தில் பட்டியலைத் தணிக்கை செய்து அனுப்ப இன்னொன்று, ஓய்வூதியத்துக்கு வேறொன்று. பணிப்பதிவேடு காகிதத்தில். ஒரே ஊதிய உயர்வைச் சம்பள மென்பொருளில் ஒருமுறையும் பணிப்பதிவேட்டில் ஒருமுறையும் எழுத வேண்டும். 27 லட்சம் திருத்தம் 36 லட்சம் பதிவாகிவிடும். ஆயிரத்தில் ஒன்று பிசகினாலும் ஆண்டுக்கு 3,600 பிழைகள். அந்தப் பிழை அன்றைக்குத் தெரியாது. முப்பது ஆண்டு கழித்து, ஓய்வு பெறும் மாதத்தில், பணிப்பதிவேட்டைப் புரட்டும்போது வெளியே வரும். அப்போது கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லும் ஆணையும் வரும், ஓய்வூதியமும் தள்ளிப்போகும். பழைய மென்பொருளின் செலவை இப்படி ஓய்வு பெறும் ஒரு ஆசிரியை கட்டுகிறார்.

பெரிய நிறுவனங்கள் மாற்றத்துக்கு இறங்குவது ஏன் என்பதற்கு இந்தச் சம்பளப் பட்டியல் ஒரு காரணத்தைக் காட்டிவிட்டது. மற்ற காரணங்களையும் சேர்த்து இனம் இனமாக எழுதுவோம்.

இனம் 1: ஒன்றோடொன்று பேசாத இரண்டு ஏடுகள்

2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி ஒரு மோசடியை வெளியிட்டது. முதலில் சொல்லப்பட்ட தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். மும்பைக் கிளை ஒன்றிலிருந்து வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதக் கடிதங்கள் ஸ்விஃப்ட் என்ற செய்தி அமைப்பு வழியே பல ஆண்டுகளாகப் போயிருந்தன. வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் அவை பதிவாகவில்லை. இரண்டு அமைப்புகளுக்கும் இணைப்பு இல்லாததால், ஒன்றில் நடந்தது மற்றதற்குத் தெரியவில்லை.

அந்த இணைப்பு இல்லாததன் விலை 11,400 கோடி. தமிழ்நாட்டின் சம்பள மென்பொருள் போல 39 திட்டங்களுக்கு ஆகும் பணம். அதன்பின் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளும் 2018 ஏப்ரல் 30-க்குள் இரண்டையும் இணைத்தாக வேண்டும் என்றது. இணைக்கத் தெரியாததால் இது முன்பே நடக்காமல் இருந்தது என்று சொல்ல முடியாது. இணைக்காததன் செலவு எங்கும் எழுதப்படாததால் தள்ளிப்போனது.

இனம் 2: எண்ணிக்கை

அஞ்சல் துறையை எடுத்துக்கொள்வோம். தகவல் தொழில்நுட்ப நவீனமயமாக்கலுக்கு 2012-இல் 4,909 கோடி ரூபாய் ஒப்புதலானது. மைய ஒருங்கிணைப்பு டி.சி.எஸ். நிறுவனத்துக்குச் சுமார் 1,100 கோடிக்கு, வங்கிப் பகுதி இன்ஃபோசிஸ் நிறுவனத்துக்குச் சுமார் 700 கோடிக்குப் போனது. 2014 பிப்ரவரியில் துறையின் முதல் ஏ.டி.எம். சென்னை தியாகராய நகர் தலைமை அஞ்சலகத்தில் திறக்கப்பட்டது. கிராமக் கிளை அஞ்சலகங்கள் 1.29 லட்சத்துக்குக் கைக்கருவி கொடுத்த தர்ப்பண் திட்டம் 1,400 கோடி. வகுத்தால் ஒரு கிளைக்கு 1,08,500 ரூபாய் அளவில்.

இது நடந்து பத்து ஆண்டுக்குள் வெளியுலகம் வேறு வேகத்துக்குப் போய்விட்டது. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ.யில் 2025 ஆகஸ்டு ஒரே மாதத்தில் 2,001 கோடிப் பரிவர்த்தனைகள். டீக்கடையில் க்யூ.ஆர். அட்டை தொங்கும்போது, அஞ்சலகக் கவுன்ட்டரின் கணக்கு யு.பி.ஐ.யோடு இணையாமலே இருந்தது. 12 ரூபாய்க்கும் 40 ரூபாய்க்கும் சில்லறை தேட வேண்டிய நிலை.

அடுத்த கட்டம் அஞ்சல் தொழில்நுட்பம் 2.0. முதலீடு சுமார் 5,800 கோடி. 2025 மே, ஜூன் மாதங்களில் கர்நாடகத்தில் வெள்ளோட்டம். ஆகஸ்ட் 4-ஆம் தேதிக்குள் 23 அஞ்சல் வட்டங்களும், 1.70 லட்சத்துக்கு மேற்பட்ட அலுவலகங்களும் புது அமைப்புக்கு வந்தன. தலைக்கு அல்ல, அலுவலகத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 3,41,000 ரூபாய்.

அந்த அமைப்பு ஒரே நாளில் 32 லட்சம் பதிவுகளையும் 37 லட்சம் பட்டுவாடாக்களையும் கையாண்டதாகத் துறை அறிவித்தது. மொத்தம் 69 லட்சம். எட்டு மணி நேர வேலைநாள் என்றால் நொடிக்குச் சுமார் 240. இந்த எண்ணிக்கைக்குப் பழைய கட்டமைப்பு விரிந்து கொடுக்கவில்லை என்றால் அதன் செலவு வரிசையில் தெரியும். ஒரு அலுவலகத்தில் நாளொன்றுக்கு சராசரி 40 காரியங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் தாமதித்தால் நாடு முழுவதும் ஒரு நாளில் 69 லட்சம் நிமிடங்கள், அதாவது 1,15,000 மணி நேரம். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவரும் பட்டுவாடாவுக்குக் காத்திருப்பவரும் கொடுக்கும் நேரம் அது.

மிகச் சிறிய அமைப்புகளிலும் இதே கணக்குதான். தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐ ஒரே தேசிய மென்பொருளுக்குக் கொண்டுவர 2022 ஜூனில் ஒன்றிய அரசு 2,516 கோடி ஒப்புதல் அளித்தது. ஒரு சங்கத்துக்குச் சுமார் 4 லட்சம். 13 கோடி விவசாயி உறுப்பினர்கள் என்று வைத்து வகுத்தால் ஒருவருக்கு 194 ரூபாய். பயிர்க்கடன், நகைக்கடன், உரம் என ஒவ்வொன்றுக்கும் தனி ஏடு வைத்திருக்கும் சங்கத்தில் பாக்கி எவ்வளவு என்று ஒரு விவசாயி அறிய எத்தனை நாள் நடந்தார் என்பதோடு ஒப்பிட்டால், 194 ரூபாய் அதிகமில்லை.

இனம் 3: சட்டம்

தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் சட்டத்தின் தேதிக்குத்தான் மென்பொருளை மாற்றுகின்றன. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-இல் வந்தது. அதன் மைய வலையமைப்புக்கான ஒப்பந்தமே 1,380 கோடி ரூபாய். பின்னர் மின்னணு விலைப்பட்டியல் கட்டாயமானது. ஆண்டு விற்றுமுதல் வரம்பு இறங்கிய விதம் இது:

2020 அக்டோபர் 1: 500 கோடிக்கு மேல்
2021 ஜனவரி 1: 100 கோடிக்கு மேல்
2021 ஏப்ரல் 1: 50 கோடிக்கு மேல்
2022 ஏப்ரல் 1: 20 கோடிக்கு மேல்
2022 அக்டோபர் 1: 10 கோடிக்கு மேல்
2023 ஆகஸ்ட் 1: 5 கோடிக்கு மேல்

34 மாதங்களில் வரம்பு நூறில் ஒரு பங்காகிவிட்டது. 2020-இல் பெரிய ஆலையின் கவலையாக இருந்தது 2023-இல் ஆரணியின் பெரிய பட்டு வணிகர், அரிசி ஆலைக்காரர் வரை இறங்கி வந்திருக்கும். இதற்கிடையே 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது செய்தது என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்த வசதி இல்லாத பழைய பதிப்பு சட்டப்படியே செல்லாததாகிவிட்டது.

2025-இல் அவகாசம் இன்னும் சுருங்கியது. செப்டம்பர் 3-இல் ஜி.எஸ்.டி. விகித மாற்றம் அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 22-இல் அமலானது. 12, 28 சதவீத அடுக்குகள் நீங்கி 5, 18 சதவீதங்கள் முதன்மையாயின. 19 நாளில் பில் போடும் ஒவ்வொரு மென்பொருளும் மாற வேண்டியிருந்தது. விகிதத்தை ஒரு அட்டவணையில் வைத்திருக்கும் மென்பொருளுக்கு இது ஒரு மாலை வேலை. விகிதத்தை நிரலுக்குள்ளேயே பதித்து வைத்திருக்கும் பழைய மென்பொருளுக்கு, எழுதியவரைத் தேடிப் பிடிக்கும் வேலை. மேம்படுத்தலின் உண்மையான மதிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்களில் இருக்கிறது.

இனம் 4: ஆதரவு முடியும் தேதி

மென்பொருள் தேய்வதில்லை. ஆனால் தயாரித்தவர் ஒரு நாள் அதற்குப் பழுது பார்ப்பதை நிறுத்திவிடுவார். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அந்த நாள் 2014 ஏப்ரல் 8. 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சு மென்பொருள் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பழுது பார்க்கப்படாத கணினிகளே அதில் அதிகம் மாட்டின. இந்திய ஏ.டி.எம்.கள் பலவற்றில் அப்போதும் எக்ஸ்.பி. ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு வைத்தது: செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் 100. ஆதரவு நின்று 5 ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த கெடு இது.

பெரிய ஆலைகளும் எண்ணெய் நிறுவனங்களும் நம்பியிருக்கும் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம், தன் பழைய வணிக மென்பொருள் தொகுப்புக்கு 2027 இறுதி வரை மட்டுமே வழக்கமான பராமரிப்பு என்று 2020-இல் அறிவித்தது. 2030 வரை வேண்டுமானால் பராமரிப்புக் கட்டணத்தில் 2 சதவீதப் புள்ளி கூடுதல். அதன் உயர்நிலைப் பராமரிப்பு ஆண்டுக்கு உரிமத் தொகையில் 22 சதவீதம். 100 கோடிக்கு உரிமம் வாங்கிய நிறுவனம், நாலரை ஆண்டுக்குச் சற்று மேல் போனால் இன்னொரு 100 கோடியைப் பராமரிப்பாகவே கட்டி முடித்திருக்கும். பழையதிலேயே இருப்பது இலவசம் என்று நினைப்பவர் இந்த 22-ஐ மறந்துவிடுகிறார்.

இனம் 5: இணைப்பு

2020 ஏப்ரல் 1-இல் அலகாபாத் வங்கி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தது. காகிதத்தில் ஒரே நாள். மென்பொருளில் பத்தரை மாதம். இரண்டு வங்கிகளிடமும் ஒரே நிறுவனத்தின் மையக் கணக்கு மென்பொருள் இருந்தும், அவை தனித்தனியாகவே ஓடின. 2021 பிப்ரவரி நடுவில்தான் 6,000-க்கும் மேற்பட்ட கிளைகள் கொண்ட வங்கி ஒரே கணக்கு அமைப்புக்கு வந்தது. அதுவரை பெயர்ப்பலகை ஒன்று, கணக்குப் புத்தகம் இரண்டு. இரண்டு உரிமம், இரண்டு பராமரிப்பு, இரண்டு தணிக்கை. இணைப்பால் வரும் லாபம் எல்லாம் இந்த இரட்டைச் செலவு நின்ற பிறகே தொடங்குகிறது.

இனம் 6: சாவி யாரிடம்

அஞ்சல் துறையின் இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் வைத்தால் தொகை பெரிதாக மாறவில்லை: 4,909 கோடி, பிறகு சுமார் 5,800 கோடி. மாறியது உரிமை. முதல் கட்டத்தை வெளி நிறுவனங்கள் கட்டின. இரண்டாவதைத் துறையின் சொந்த அஞ்சல் தொழில்நுட்ப உயர் மையம் எழுதியது. அரசின் மேக்ராஜ் மேகக்கணினியில் ஓடுகிறது. இணைப்பு பி.எஸ்.என்.எல். 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்க்கத் துறை முடிவெடுத்தபோது, மென்பொருளில் செய்ய வேண்டிய மாற்றம் துறையின் சொந்த ஆட்கள் கையில் இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி விலை கேட்கும் ஒப்பந்தக்காரரிடம் போக வேண்டியதில்லை. நான் பார்த்த காரணங்களிலேயே மிகவும் மதிக்கத்தக்கது இது. மாநில அரசும் கூட்டுறவுகளும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கம்: அவசரத்தின் விலை

ஆறு இனங்களும் மாற்றத்தை நோக்கித் தள்ளுகின்றன. ஆனால் மாற்றியவர்கள் எல்லோரும் வென்றுவிடவில்லை. உலகத்தின் பொதுக் கணக்கில் உள்ள சில எண்கள்:

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை, 2010. சம்பள மென்பொருளுக்கு முதல் ஒப்பந்தம் 61.9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். முடிவில் கணக்கிடப்பட்ட மொத்தச் செலவு 120 கோடி டாலர். ஏறத்தாழ 194 மடங்கு. விசாரணை ஆணையம் சுட்டிய காரணங்களில் முக்கியமானது தேவைக்கு மீறிய அவசரம்.

கனடா ஒன்றிய அரசு, 2016. சுமார் 2.9 லட்சம் ஊழியருக்கான ஃபீனிக்ஸ் சம்பள அமைப்பு. கட்டியது சுமார் 31 கோடி கனடிய டாலருக்கு. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்றார்கள். அந்த மிச்சத்துக்காக அனுபவமுள்ள சம்பளப் பிரிவு ஊழியர்களைக் குறைத்தார்கள். 2023 வரை மொத்தச் செலவு சுமார் 260 கோடி டாலராகும் என்று 2019-இல் நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலர் மதிப்பிட்டார். மிச்சம் பிடிக்க நினைத்த தொகையில் 37 ஆண்டுப் பணம்.

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி, 2018 ஏப்ரல். ஒரு வார இறுதியில் மென்பொருள் மாற்றம். 19 லட்சம் வாடிக்கையாளர்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். செலவு 33 கோடி பவுண்டு. பின்னர் அபராதம் 4.865 கோடி பவுண்டு.

பிரிட்டனின் அஞ்சலகம், 1999 முதல். ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், தன் பிழையால் பணம் குறைவதாகக் காட்டியது. மென்பொருளை நம்பினார்கள், மனிதரை நம்பவில்லை. 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சல் அதிகாரிகள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் சட்டம் வந்தது 2024 மே மாதம்.

கடைசி எண்ணைப் பணத்தில் மாற்ற முடியாது. ஆனால் நான்கிலும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறது. மாற்றத்தை முடிவு செய்தவர்கள் மேல் மாடியில் இருந்தார்கள். அது சரியாக ஓடுகிறதா என்று முதலில் தெரிந்துகொண்டவர் கடைசி மேசையில் இருந்தார். அவர் சொன்னதைக் கேட்க யாரும் இல்லை.

எழுதப்படாத பற்று: கடைசி மேசையின் நேரம்

வேங்கிக்காலுக்குத் திரும்புவோம். புது அமைப்பில் ஒரு சம்பளப் பட்டியலை ஒருவர் தொடங்கி வைக்க, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்புதல் தருகிறார். மூன்று கை தாண்டாமல் பணம் நகராது. பாதுகாப்புக்கு இது நல்லது. முன்பு காகிதப் பட்டியலோடு கருவூலத்துக்குப் போய் டோக்கன் வாங்கி, ஆட்சேபனை வந்தால் திரும்ப நடந்த நாட்கள் மிச்சமாகின்றன. ஆனால் முதல் மாதங்களில், புதிய திரையும் பழைய பழக்கமும் மோதும்போது, எழுத்தர் கூடுதலாக உட்கார வேண்டியிருக்கும்.

அதற்கு ஒரு மதிப்புப் போட்டுப் பார்க்கலாம். இவை என் அனுமானங்கள். யாரும் தம் அலுவலக எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

20,000 அலுவலகங்கள், ஒன்றுக்கு ஒரு எழுத்தர், முதல் 6 மாதம் மாதத்துக்கு 2 மணி நேரம் கூடுதல்: 2,40,000 மணி. எட்டு மணிக்கு ஒரு நாள் என்றால் 30,000 நாள். நாளுக்கு 1,500 ரூபாய் வீதம் 4.5 கோடி.

9 லட்சம் ஊழியர், ஒவ்வொருவரும் தம் பணிப்பதிவேட்டு விவரத்தைச் சரிபார்க்க 1 மணி நேரம்: 9 லட்சம் மணி, 1,12,500 நாள். அதே வீதத்தில் சுமார் 16.9 கோடி.

இரண்டும் சேர்ந்து 21.4 கோடி. திட்ட மதிப்பில் 7.4 சதவீதம். இது தாங்கக்கூடிய செலவுதான். தாங்குபவர் யார் என்பதே கேள்வி. திட்டத்தில் எழுதியிருந்தால் கூடுதல் நேரத்துக்கு ஊதியமோ, தற்காலிக உதவியாளரோ கிடைத்திருப்பார். எழுதாததால் அது அந்த எழுத்தரின் இரவு உணவு நேரத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

அஞ்சல் துறை இந்த விஷயத்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. புது அமைப்புக்காக 4.6 லட்சம் ஊழியர்களுக்குப் பயிற்சி தந்ததாக அறிவித்தது. ஒருவருக்கு ஒரு நாள், நாளுக்கு 1,000 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் 46 கோடி. 5,800 கோடியில் அது 0.8 சதவீதம். அதோடு வட்டம் வட்டமாக மாறியதும், மாறும் முன் பரிவர்த்தனை இல்லாத ஒரு நாளை முன்கூட்டியே அறிவித்ததும் மக்களுக்கான மரியாதை. ஒரு நாள் மூடுவதை அறிவித்துவிட்டால் மக்கள் முந்தின நாள் வந்துவிடுவார்கள். அறிவிக்காமல் திரை நின்றுவிட்டால், முதியோர் ஓய்வூதியம் வாங்க வந்த பாட்டி வெயிலில் நிற்பார்.

நிகரம்

ஆறு காரணங்களையும் அடுக்கிப் பார்த்தால், பெரிய நிறுவனம் மென்பொருளை மாற்றுவது புதுமை மோகத்தால் அல்ல என்பது தெரிகிறது. பேசாத ஏடுகளுக்கு 11,400 கோடி வரை விலை உண்டு. சட்டத்துக்கு 19 நாள் அவகாசம் உண்டு. ஆதரவுக்குக் கடைசித் தேதி உண்டு. மாற்றாமல் இருப்பதற்கும் மாதத் தவணை உண்டு. ஆகவே தமிழ்நாட்டின் சம்பள அமைப்பு மாறியது சரிதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆயிரத்துக்கு இரண்டரை ரூபாய் என்ற அளவுகோலில் அது தன் செலவைத் தாங்கும்.

ஆனால் அடுத்த மாற்றம் வரும்; பத்துப் பதின்மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்தே தீரும் என்பதை அஞ்சல் துறையின் 2012-ம் 2025-ம் காட்டுகின்றன. அதற்கான ஒப்புதல் ஆணையின் முதல் பக்கத்தில் ஐந்து எண்கள் அச்சிடப்பட வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

1. பழைய அமைப்பைத் தொடர்ந்தால் ஆண்டுக்கு ஆகும் செலவு: பராமரிப்பு, பிழைத் திருத்தம், தாமதம் மூன்றும் சேர்த்து.

2. புது அமைப்பின் மொத்த விலை: வாங்கும் தொகையோடு அடுத்த பத்து ஆண்டுப் பராமரிப்பும்.

3. கடைசி மேசை ஊழியர் கொடுக்க வேண்டிய மணி நேரம், அதற்கு ஒதுக்கிய ஊதியம். திட்ட மதிப்பில் 7 சதவீதம் என்று தொடங்கலாம்.

4. பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் மாதங்கள். ஒரு மாவட்டத்தில் மூன்று சம்பள மாதம் இரண்டும் ஒரே தொகையைக் காட்டிய பிறகே மற்ற மாவட்டங்களுக்கு.

5. மென்பொருள் தவறு காட்டினால் ஊழியர் எங்கே புகார் செய்வது, எத்தனை நாளில் பதில், பதில் வரும் வரை யார் மேலும் பிடித்தமோ நடவடிக்கையோ இல்லை என்ற உறுதி.

ஐந்தில் நான்கை இன்றே எந்த அலுவலகக் கணக்கராலும் எழுத முடியும். ஐந்தாவதுக்குப் பணமே தேவையில்லை, ஒரு அரசாணை போதும். பிரிட்டனில் 900 பேரின் வாழ்க்கையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய எண் அதுதான்.